சுரண்டும் முன் அளந்து வையுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கட்டடங்களை லேசர் கொண்டும் போட்டோ கொண்டும் அளந்து, கணினிக்குள் முழுக் கட்டடமாகவே எழுப்பி வைத்துக்கொள்ளும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் சின்னதாக எழுதியிருந்தேன். பிம் என்று கட்டட வேலையில் இருப்பவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள், கட்டடத் தகவல் மாதிரி என்று தமிழில் சொல்லலாம். சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் தங்கள் சொந்த வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் சந்தோஷம். பாரம்பரியக் கட்டடம் என்றால் கோட்டையும் கோயிலும்தான் என்று நினைத்துக்கொண்டே எத்தனையோ நல்ல வீடுகளை விட்டுவிட்டோம்.

*செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தாத்தா கட்டிய மாடி வீடு, தொண்ணூறு வருஷம் தாண்டிவிட்டது. மெட்ராஸ் தளம். இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. பழைய பூச்சையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசி, மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காத பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், எதையும் தொடாதீர்கள், முதலில் ஸ்கேன் எடுத்து பிம் மாடல் செய்யுங்கள் என்கிறான். ஒழுகுகிற வீட்டுக்குக் கம்ப்யூட்டர் படம் எதற்கு?*
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

ஐயா, உங்கள் அண்ணன் மகன் சொன்னதில் முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. எதையும் தொடாதீர்கள், பூச்சில் உளி வைக்கவே விடாதீர்கள். இரண்டாம் பாதியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

கம்ப்யூட்டர் படம் வேறு, பிம் வேறு. படத்தில் உத்திரம் என்பது நான்கு கோடு. பிம் மாடலில் அது உத்திரம் என்றே கணினிக்குத் தெரியும். தேக்கு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், அகலம் இவ்வளவு, கனம் இவ்வளவு, தெற்கு நுனியில் ஈரம், போன ஆடியில் கரையான் மருந்து அடித்தது, அன்றைக்கு எடுத்த போட்டோ இதோ என்று அதன் சங்கதி எல்லாம் அந்த உத்திரத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் கேஸ் ஷீட் தொங்குமே, அதை ஒவ்வொரு உத்திரத்துக்கும் ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியாக மாட்டி வைத்த மாதிரி.

உங்கள் வீட்டுக்கு இது எங்கே உதவும் என்று பார்ப்போம். மெட்ராஸ் தளத்தில் மர உத்திரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்ன, மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, சாய்வாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கியிருப்பார்கள். மேலே தட்டோடு. இப்படிப்பட்ட தளத்தில் தண்ணீர் இறங்குகிற இடமும் கீழே சொட்டுகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் இறங்கிய தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே நடந்து பத்தடி தள்ளிக் கூடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பெயின்ட் அடித்தால் காசு போகும், ஒழுக்கு நிற்காது. மாடியின் மேல்பக்க அளவையும் கூடத்து உட்கூரையின் அளவையும் ஒரே மாடலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தால், மாடியில் எந்த இடம் பள்ளமாகி நீர் தேங்குகிறது, அதன் கீழே எந்த உத்திரம் தொய்ந்திருக்கிறது, கறை எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று ஒரே பார்வையில் பிடிபடும். டேப்பை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கினால் இந்தச் சம்பந்தம் லேசில் கண்ணில் படாது.

சிமென்ட் விஷயத்துக்கு வருகிறேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியே போக முடியாத ஈரம் உள்ளுக்குள் ஏறும், உப்பாகப் பூக்கும், கடைசியில் உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தைப் போய்ப் பிடிக்கும். அந்த நுனி வெளியே தெரியாது. நடுவில் மரம் கருங்காலி மாதிரி கெட்டியாக இருக்கும், நுனி புட்டு மாதிரி உதிரும். சிமென்ட் பூசி ஆறேழு வருஷம் கழித்து உத்திரம் இறங்கிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் வீட்டுக்காரர்கள் சொன்னது ஒன்றுதான், சுவர் பார்க்க நன்றாகத்தானே இருந்தது.

உங்கள் வீட்டுக்கு முழு லேசர் ஸ்கேன் இப்போதே வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். இரண்டு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு உத்திரத்துக்கும் சாக்பீஸால் எண் போடுங்கள். இரண்டு நுனியிலும் நடுவிலும் தரையிலிருந்து உயரம் அளந்து நோட்டில் எழுதுங்கள். கூடத்தில் எட்டாம் எண் உத்திரம் நடுவில் 18 மில்லிமீட்டர் தொய்வு என்று வைத்துக்கொள்வோம், அடுத்த வருஷமும் அதே 18 என்றால் அது தாத்தா காலத்துத் தொய்வு, கவலைப்பட ஒன்றுமில்லை, 26 ஆகியிருந்தால் உடனே கீழே முட்டுக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். விரிசல் இருந்தால் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுங்கள், சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், இது பழைய பொறியாளர்கள் செய்த வேலை, இன்றைக்கும் இதைவிட மலிவான கருவி கிடையாது. இந்த நோட்டை அண்ணன் மகனுக்கு அனுப்புங்கள், அதை வைத்தே அவர் மாடலை ஆரம்பிக்கலாம். வீட்டைப் பாகம் பிரிக்கிறீர்கள், கடையாக மாற்றுகிறீர்கள், மேலே இன்னொரு மாடி எழுப்பும் யோசனை இருக்கிறது என்றால் மட்டும் முழு ஸ்கேனுக்குப் போங்கள், அப்போது அது செலவே அல்ல.

*நான் அஸ்தம்பட்டியிலிருந்து ஆர்க்கிடெக்சர் கல்லூரிக்குப் போகும் மாணவி. போன் ஆப்பில் ஒரு வீட்டை முப்பரிமாணமாகச் சுற்றிக் காட்டினால் எல்லோரும் பிம் என்கிறார்கள். அது பிம்தானா? இலவச மென்பொருளில் இதைச் செய்ய முடியுமா?*
– அஸ்தம்பட்டி வாசகி

இல்லை அம்மா, அது பிம் ஆகாது. லேசர் ஸ்கேனரோ போனோ தருவது புள்ளிகள், கோடிக்கணக்கில் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் இடமும் நிறமும் உண்டு. பாயின்ட் கிளவுட் என்பது அதைத்தான். அந்தப் புள்ளிக்குத் தான் தூணில் இருக்கிறோமா, தூணில் சாய்ந்து நிற்கிற சைக்கிளில் இருக்கிறோமா என்று தெரியாது. இது தூண், இது தூண் தலையில் இருக்கும் போதிகை, இது கதவு நிலை, இது பின்னாளில் அடைத்த ஜன்னல் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து பிரித்துச் சொல்லித்தான் மாடல் ஆகிறது. நீங்கள் படிக்கிற படிப்புக்கு வேலை அங்கேதான்.

பிம் மென்பொருளெல்லாம் புதுக் கட்டடத்துக்காகப் பிறந்தவை. சுவர் நேர், மூலை தொண்ணூறு டிகிரி, கதவு கம்பெனி அளவு. நம் வீடுகள் அப்படியா இருக்கின்றன? இதற்கு ஒரு வழியை 2009-ல் டப்ளினில் மாரிஸ் மர்பியும் உடன் இருந்தவர்களும் காட்டினார்கள். அந்த ஊரின் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் கையில் வைத்திருந்த 18-ஆம் நூற்றாண்டு மாதிரிப் புத்தகங்களை எடுத்து, அதிலிருந்த ஜன்னல், தூண், கார்னிஸ் என்கிற சுவர் உச்சி விளிம்பு வேலைப்பாடு இவற்றின் விகிதங்களைக் கணினிக்குள் அளவு மாற்றக்கூடிய உறுப்புகளாகச் செய்து வைத்து, லேசர் புள்ளிகளின் மேல் பொருத்தினார்கள். பாரம்பரியக் கட்டடத்துக்கான பிம் என்று தனிப்பெயர் அதிலிருந்துதான் பரவியது. சேலத்து வீடுகளுக்கு அப்படி ஒரு அச்சிட்ட புத்தகம் இல்லை, ஆனால் ஆசாரிகளிடம் முழக்கோல் என்கிற அளவுகோலின் கணக்கு இருக்கிறது, அங்குலக் கணக்கு இருக்கிறது. பத்துத் திண்ணைகளை, பத்துத் தூண்களை, பத்து நிலைகளை ஒழுங்காக அளந்தால் நம் ஊருக்கென்று ஒரு உறுப்புத் தொகுப்பு உண்டாகிவிடும். உங்கள் கல்லூரித் திட்டமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள், உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சாய்ந்த சுவரை அழகுக்காக நேராக்கி வரையாதீர்கள். தரையில் ஐந்து அடி இடைவெளி, மேலே ஐந்தடி ஓரங்குலம் என்று இருந்தால் அந்த ஓரங்குலத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அடித்தளம் இறங்கியிருக்கலாம், கூரை சுவரை வெளியே தள்ளியிருக்கலாம். நேராக்கி வரைந்தால் ஜுரத்தைக் குறிக்காத சார்ட் மாதிரி ஆகிவிடும். மென்பொருள் நேர்சுவர்தான் போடும் என்று அடம்பிடித்தால், சாய்வை ஒரு குறிப்பாகவாவது அந்தச் சுவரில் ஏற்றுங்கள்.

இலவசமாக முடியும். போட்டோக்களிலிருந்து முப்பரிமாண உருவம் எடுக்க மெஷ்ரூம், புள்ளித் திரளைச் சுத்தம் செய்து இரண்டு வருஷத்து அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்க கிளவுட்கம்பேர், மாடல் எழுப்ப ஃப்ரீகேட், அல்லது பிளெண்டருக்குள் வேலை செய்யும் பான்சாய். சேமிக்கும்போது ஐ.எஃப்.சி. வடிவத்திலும் ஒரு பிரதி வையுங்கள், அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது வடிவம். போட்டோ எடுக்கும்போது ஒரு படத்தில் இருப்பதில் எழுபது, எண்பது சதவீதம் அடுத்த படத்திலும் இருக்க வேண்டும், ஜூம் மாற்றக் கூடாது, உச்சிவெயில் வேண்டாம். சுவரில் இரண்டு குறி ஒட்டி நடுவில் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ள மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வீடு தீப்பெட்டி அளவா, அரண்மனை அளவா என்று கணினிக்குத் தெரியாது.

*ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் பங்களாவும் அதன் ஓட்டுக் கூரையும் வெள்ளைக்காரர் காலத்தது. மரங்களும் பனியும் சூழ்ந்த இடம். டிரோன் விட்டு அளக்கலாமா? என் போனிலேயே லேசர் இருக்கிறதாம், அது போதுமா?*
– ஏற்காடு வாசகி

அம்மா, முதலில் பனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் அடிபட்டிருக்கிறேன். மலைமேல் ஒரு பங்களாவை அளக்க நவம்பர் மாதம் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். காலையில் மெல்லிய பனிதான், கண்ணுக்குக் கட்டடம் நன்றாகத் தெரிந்தது. சாயங்காலம் கணினியில் திறந்தால் வாசலுக்கு முன்னால் வெறும் காற்றில் லட்சக்கணக்கில் புள்ளிகள். லேசர் ஒளி சுவரைத் தொடும் முன் நீர்த்துளியில் பட்டுத் திரும்பியிருக்கிறது. ஈரமான ஓடும் கண்ணாடி ஜன்னலும் இதே தொல்லையைக் கொடுத்தன. ஒரு நாள் வேலை வீண், மறுபடி பிப்ரவரியில் போனோம். மலையில் தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான் அளவெடுக்க நல்ல காலம், அதிலும் காலை பத்து மணிக்கு மேல்.

உங்கள் போனில் இருக்கும் லேசர் சுமார் ஐந்து மீட்டர் தூரம்தான் எட்டும். ஒரு அறையை அளக்க, சமையற்கட்டுச் சுவரைப் பதிய அது நல்ல கருவி. ஆனால் அதன் பிழை சென்டிமீட்டர் கணக்கு, கூரை தொய்கிறதா என்று அதில் பார்க்க முடியாது. பெரிய ஸ்கேனரின் பிழை சில மில்லிமீட்டர்தான்.

டிரோனால் ஓட்டுக் கூரையைப் பார்ப்பது நிச்சயம் பலன் தரும், ஓட்டின் மேல் ஆளை ஏற்றினால் நாலு ஓடு உடையும். 2021-ன் டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளது நானோ வகை, அதற்குக் கெடுபிடி குறைவு. ஆனாலும் விடும் முன்னால், எங்கே டிரோன் விடலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் டிரோனுக்குச் செயற்கைக்கோள் தொடர்பு அடிக்கடி விட்டுப்போகும், கிளையில் மாட்டும். மரம் கூரையை மூடியிருக்கும் பக்கத்தில் நீளமான கம்பில் கேமராவைக் கட்டி எடுப்பதுதான் நிதானம்.

மாடலில் நீங்கள் முக்கியமாகப் பதிய வேண்டியது தண்ணீர் போகும் பாதை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த பிறகு எழுந்த பங்களாக்கள் பலவும் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில்தான் நிற்கின்றன. பின்பக்கம் மண்மேடு, முன்பக்கம் பள்ளம். பின்பக்க வாய்க்கால் அடைத்தால் மேட்டுத் தண்ணீர் நேராகச் சுவருக்குள் வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை மலைப்பாதையில் மண்ணைச் சரித்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். அதனால் வீட்டோடு நிறுத்தாமல் பின்மேட்டையும் வாய்க்காலையும் தடுப்புச் சுவரையும் சேர்த்தே அளந்து வையுங்கள். கூரையில் கைமரம், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், ஓடு என்று மூன்றையும் தனித்தனி அடுக்காகப் போடுங்கள், ஓட்டில் அச்சடித்திருக்கும் கம்பெனி முத்திரையைப் போட்டோ எடுத்து ஏற்றுங்கள். உடைந்த ஓட்டுக்கு அதே அளவு பழைய ஓடு தேடும்போது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.

*பாரிஸில் எரிந்த தேவாலயத்தை ஸ்கேனை வைத்து அப்படியே திரும்பக் கட்டிவிட்டார்களாம். அதேபோல நம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவையும் கணினியிலாவது திரும்ப எழுப்ப முடியாதா? வளைவைத் தாண்டும்போதெல்லாம் மனசு கனக்கிறது.*
– கன்னங்குறிச்சி வாசகர்

எனக்கும் அப்படித்தான். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். ஏற்காடு ரோட்டில் இன்று மிஞ்சியிருப்பது அந்த நுழைவு வளைவு ஒன்றுதான்.

நோத்ர் டாம் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். 2010-ஐ ஒட்டி ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் அந்தத் தேவாலயத்தை லேசரால் அளந்தார். நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். அந்தக் கட்டடம் எப்படி நிற்கிறது, கட்டியவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று புரிந்துகொள்ளத்தான் அளந்தார், தீப்பிடிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 2018-ல் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15-ல் கூரை எரிந்தது. அதற்கு முன் 2014-ல் ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் ட்ரான்டெஸோ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் அதே கூரையின் மரக்கட்டமைப்பைக் கட்டை கட்டையாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். இந்த இரண்டு பதிவும் கையில் இருந்ததால்தான், தச்சர்கள் கோடரியால் ஓக் மரத்தைச் செதுக்கிக் கூரையை மறுபடி எழுப்ப முடிந்தது. 2024 டிசம்பரில் திறந்தார்கள். கூரையைக் கட்டியது தச்சர்கள்தான், எதை எங்கே வைப்பது என்று சொன்னது மட்டும்தான் அந்தப் பதிவுகள்.

மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அப்படி முன்கூட்டியே எடுத்த அளவு இருந்தால் எல்லாம் சுலபம். இல்லாதபோது பழைய போட்டோக்களிலிருந்து கொஞ்சம் மீட்கலாம். போட்டோவை வைத்து அளக்கும் வித்தை புதிதல்ல. 1858-ல் ஜெர்மனியில் வெட்ஸ்லர் தேவாலயத்தை ஏறி அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பௌவர் என்ற இளைஞர் மேலேயிருந்து விழப் பார்த்தார். உயிர் தப்பிய பிறகு அவருக்கு வந்த யோசனைதான் அது. 1885-ல் பெர்லினில் அதற்கென்றே அரசு நிறுவனம் உருவானது. அதே 1850-களின் கடைசியில் இங்கே லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டையைப் பெரிய பெட்டிக் கேமராவால் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட படங்களில் ஒரே கட்டடம் இரண்டு மூன்று கோணத்தில் கிடைத்து, அதில் இன்றும் நிற்கிற ஒரு பகுதி தெரிந்தால், அந்தப் பகுதியை இன்று அளந்து மற்றதைக் கணக்கிடலாம். அந்த வளைவு இருப்பதன் மதிப்பு அதுதான், அதன் அகலம் நமக்கு ஒரு அளவுகோல். அங்கே எடுத்த சினிமாக்களில் வரும் காட்சிகளை வைத்துச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள், அதில் ஜாக்கிரதை வேண்டும், திரையில் தெரிகிற மாளிகை அநேகமாகத் தட்டியும் துணியும் வைத்துப் போட்ட செட், ஸ்டூடியோ கட்டடம் அல்ல.

அப்படி எழுப்பும் மாடலில் ஒவ்வொரு சுவருக்கும் இது அளந்தது, இது போட்டோவில் பார்த்துக் கணித்தது, இது அங்கே வேலை செய்தவர் நினைவிலிருந்து சொன்னது என்று நிறம் பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷத்தில் நம் ஊகமே சரித்திரமாகிவிடும். உங்கள் தெருவில் அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். ஒரு தாளில் படப்பிடிப்புத் தளம் எங்கே, லேப் எங்கே, சாப்பாட்டுக்கூடம் எங்கே என்று கோடு போடச் சொல்லுங்கள். குகை பகுதியில் எங்கள் பாட்டி வீடு இடிந்தபோது எங்களிடம் இருந்தது கல்யாண போட்டோ ஒன்றுதான், அதில் தெரிகிற ஒன்றரைத் தூணைத் தவிர அந்த வீட்டைப் பற்றி என் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

*தாரமங்கலம் கோயில் மாதிரி சிற்பம் நிறைந்த இடத்தை லேசர் முழுசாக அளக்குமா?*
– தாரமங்கலம் வாசகர்

இதற்கு உங்கள் கோயிலிலேயே பதில் இருக்கிறது. ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவீர்களே, லேசருக்கும் அதே கட்டுப்பாடுதான். நேர்கோட்டில் படுவதை மட்டும் அது பார்க்கும். ஒரே இடத்தில் நிறுத்தி எடுத்தால் தூணுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கறுப்பு ஓட்டை. அதனால் மண்டபத்தில் பல இடங்களில் மாற்றி மாற்றி நிறுத்தி, கடைசியில் எல்லாவற்றையும் பொதுக் குறிகளை வைத்துச் சேர்க்க வேண்டும். கல் சங்கிலி போல உள்ளே குடைந்த வேலைக்கு லேசரோடு கிட்டத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான போட்டோவும் வேண்டும். கோபுரத்துச் சுதை உருவங்களைத் திருப்பணிக்கு முன்பு ஒருமுறை கட்டாயம் பதியுங்கள். வண்ணம் பூசிப் பூசி விரல்களெல்லாம் தடித்துப்போன உருவங்களை எத்தனை இடத்தில் பார்க்கிறோம். தூணில் மணல் பீச்சிச் சுத்தம் செய்தால் உளியின் நுண்ணிய தடமெல்லாம் போய்விடும், போனது போனதுதான். அனுமதிக்கு அறநிலையத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

*அரசுப் பணியில் ஆவணக் காப்பறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிளாப்பியில் வைத்த கோப்புகள் எதுவும் இன்று திறக்கவில்லை. இந்த மாடல்கள் மட்டும் ஐம்பது வருஷம் இருக்குமா?*
– சூரமங்கலம் வாசகர்

சும்மா வைத்தால் இருக்காது ஐயா. ஓலைச்சுவடி நமக்குக் கிடைத்தது ஓலை அழியாததால் அல்ல, செல்லரிக்கும் முன் யாரோ ஒருவர் புது ஓலையில் பெயர்த்து எழுதியதால். மாடலுக்கும் அதே வேலைதான், ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து அன்றைய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். புள்ளிகளை ஈ57 என்ற பொது வடிவத்திலும் மாடலை ஐ.எஃப்.சி.யிலும் வைத்து, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். தள வரைபடம், வெட்டுத் தோற்றம், உத்திரப் பட்டியல் இவற்றைக் காகிதத்தில் அச்சடித்து வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மின்சாரம் இல்லாமலும் படிக்க முடிவது அதுதான்.

*நான் ஓமலூர்ப் பக்கம் கொத்தனார். அப்பாவிடம் சுண்ணாம்பு வேலை கற்றவன். இப்போது எல்லாம் மிஷின் அளக்கிறது, கம்ப்யூட்டர் சொல்கிறது என்கிறீர்கள். எங்களுக்கு இதில் என்ன இடம்?*
– ஓமலூர் வாசகர்

மேஸ்திரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மிஷினுக்குச் சுவரின் மேல்தோல்தான் தெரியும். கைவிரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்து, இங்கே பூச்சு விட்டுப்போயிருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்தப் பொத்தல் சத்தம் எந்த லேசர் புள்ளியிலும் வராது. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைத்தார்கள், சுர்க்கி என்கிற செங்கல் பொடி எவ்வளவு, கடுக்காய்த் தண்ணீர் எந்தப் பதம் என்பதும் வராது. ஒரு வீட்டில் நாங்கள் அளவெடுக்கப் போகும் முன்பே ஒப்பந்தக்காரர் பூச்சு முழுவதையும் சுரண்டிக் கொட்டிவிட்டார். எங்களிடம் துல்லியமான மாடல் இருந்தது, அந்தப் பளிங்குப் பூச்சு எத்தனை கோட்டு, எதைக் கலந்து போட்டது என்று சொல்ல ஆளும் இல்லை, துண்டும் இல்லை. திரும்பப் பூசியது பழையதோடு ஒட்டவே இல்லை.

அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அளவெடுக்கும் முதல் நாளே சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட அழைத்துப் போகிறேன். அவர் தட்டிக்கொண்டே போவார், பின்னால் ஒரு பையன் சாக்பீஸால் வட்டம் போடுவான், மற்றொருவர் போட்டோ எடுப்பார். சாயங்காலம் அந்த வட்டமெல்லாம் மாடலில் ஏறிவிடும், யார் சொன்னது என்று மேஸ்திரியின் பெயரோடு. நீங்கள் பேரம் பேசும்போது இதற்குத் தனிக் கூலி கேளுங்கள், இது பூசுகிற வேலையில் சேராது. பூசப் போகும் கலவையில் ஒரு கை அளவு எடுத்துக் காயவைத்து, தேதி எழுதி டப்பாவில் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுங்கள், உங்கள் அப்பா சொன்ன கலவை அளவையும் ஒரு தாளில் எழுதி அதே டப்பாவில் போடுங்கள். பிப்ரவரியில் ஏற்காட்டு வேலை இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்துக்கு உங்கள் போன் எண்ணை எழுதி அனுப்புங்கள், நானே கூப்பிடுகிறேன்.